சந்தைக் கடைக்கு எந்தக் கஸீபோ வாங்குவது? டர்பன் கைவினைக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனில் சனி, ஞாயிறுகளில் பூங்காக்களிலும் கடற்கரையை ஒட்டிய திடல்களிலும் பள்ளி மைதானங்களிலும் கூடும் கைவினைச் சந்தைகளில் கடை போடுகிறவர்களில் நம்மவர் தொகை குறைவன்று. மணிமாலை, களிமண் விளக்கு, பட்டுப் புடவையில் தைத்த பை, ஊறுகாய், மசாலாத் தூள் என்று எதை விற்பவரானாலும் சரக்கைப் பரப்ப ஒரு மேசையும் தலைக்கு மேலே ஒரு துணிக்கூரையும் வாங்காமல் தொழிலைத் தொடங்க முடியாது. தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் கஸீபோ என்று அழைக்கும், கத்தரிபோல் விரிந்து மடியும் அந்தக் கூடாரத்தைப் பற்றிப் புதியவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், தொடக்கத்தில் நான் பிறரிடம் கேட்டிருக்க வேண்டியவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பதினோரு ஆண்டுகளாகப் புடவைத் துணிப் பைகள் விற்கிறவன். இதுவரை மூன்று கூடாரங்களை இழந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூடப் பழசாகிப் போனதில்லை, மூன்றும் காற்றில் போனவை.

பேரங்காடியில் கிடைக்கும் மலிவான கஸீபோ போதாதா?

ஆண்டுக்கு இரண்டு முறை, தீபாவளிக்கு முன் ஒரு சந்தையிலும் கோயில் திருவிழாவில் ஒரு நாளும் மட்டும் கடை போடுவதானால் போதும். அவை வீட்டு முற்றத்தில் பிராய் போடும், அதாவது நெருப்பில் இறைச்சி வாட்டும், நாளில் நிழலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த வேலையைக் குறையில்லாமல் செய்யும். வாரந்தோறும் விரித்து மடக்கி, பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியின் பின்புறம் ஏற்றி இறக்கி, நாள் முழுவதும் வெயிலிலும் காற்றிலும் நிறுத்துவது வேறு வேலை. மாதத்துக்கு நான்கு சந்தை என்றால் ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஐம்பது முறை அதன் மூட்டுகள் திறந்து மூடுகின்றன. முற்றத்துக் கூடாரம் தன் வாழ்நாள் முழுவதிலும் அத்தனை முறை திறக்கப்படுவதில்லை. ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன், நீங்கள் ஆண்டுக்கு எத்தனை நாள் கடை போடுவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்துக்குக் கீழே என்றால், மலிவானதை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை, கூடாரம் காற்றில் பறக்காமல் கால்களில் கட்டும் எடைக்கட்டைகளில் போடுங்கள் என்றே நான் சொல்வேன்.

கூடாரத்தில் முதலில் உடைவது எது?

பெரும்பாலும் மூட்டு. வாங்க வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள், கால்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். குறுக்குக் கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தையும், அவை காலோடு சேரும் இடத்தையும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. காற்று கூரையைத் தூக்கும்போதும் பக்கவாட்டில் தள்ளும்போதும் அந்த விசை முழுவதும் கடைசியில் வந்து சேருவது அந்தச் சிறு மூட்டுகளில்தான். மலிவான கூடாரங்களில் இவை மெல்லிய பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டிருக்கும். வெயிலில் இரண்டு கோடைக்காலம் இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் நெகிழ்ச்சியை இழந்து, ஒரு நாள் குளிர்ந்த காலையில் விரிக்கும்போதே படக்கென்று விரிசல் விடும். நல்ல கூடாரங்களில் அவை வார்ப்பு அலுமினியத்தாலோ கண்ணாடி இழை கலந்த கெட்டி நைலானாலோ செய்யப்பட்டிருக்கும்.

கடையில் செய்யக்கூடிய சோதனை எளிது. கூடாரத்தை முழுவதும் விரிக்கச் சொல்லி, ஒரு மூலைக்காலைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். சட்டகம் முழுவதும் ஒரே பொருளாக அசைந்தால் நல்லது. நீங்கள் பிடித்த கால் அசைந்து சற்று நேரம் கழித்து எதிர்க்கால் அசைந்தால், இடையிலுள்ள மூட்டுகள் புதிதாக இருக்கும்போதே தளர்ந்திருக்கின்றன என்று பொருள். மூட்டுகளை இணைப்பது ஆணியடித்து நசுக்கிய தண்டா, திருகித் திறக்கக்கூடிய போல்ட்டா என்பதையும் பாருங்கள். போல்ட் என்றால் உடைந்த கம்பியை மட்டும் கழற்றி மாற்றலாம். நசுக்கிய தண்டானால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரும்புச் சட்டகமா, அலுமினியமா?

கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் கடை போடுகிறவர் அலுமினியமே வாங்க வேண்டும் என்பது என் முடிவு. டர்பன் காற்றில் உப்பு இருக்கிறது. பொடிப்பூச்சுப் பூசிய இரும்பு, பூச்சு முழுமையாக இருக்கும் வரை துருப்பிடிக்காது. ஆனால் கஸீபோவின் காலில் உள்ள நழுவும் மூட்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உரசி ஏறி இறங்குவதால், பூச்சு முதலில் தேய்வதும் அங்கேதான். அந்தக் கீறலுக்குள் உப்பீரம் புகுந்ததும் துரு பூச்சுக்கு அடியில் ஓடத் தொடங்கும், வெளியே தெரியும்போது கால் பாதி அரித்திருக்கும். பீட்டர்மரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் போன்ற உள்நாட்டு ஊர்களில் மட்டும் கடை போடுகிறவர்களுக்கு இரும்பு இவ்வளவு மோசமன்று. அங்கே அது விலை குறைந்த, நேர்மையான தேர்வு.

அலுமினியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அலுமினியச் சட்டகத்தில் சாதாரண இரும்பு போல்ட்டுகளை மாட்டியிருந்தால், இரண்டு உலோகங்களும் உப்பு நீரில் சேரும் இடத்தில் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். கடலோரத்தில் அவற்றையும் அவ்வப்போது நன்னீரால் கழுவினால் இந்த அரிப்பு மெதுவாகவே நடக்கும்.

கால் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

ஒரே தகட்டுத் தடிமனில் குழாயின் அகலத்தைக் கூட்டினால் வளையாமை ஏறக்குறைய அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. 30 மில்லிமீட்டர் சதுரக் காலிலிருந்து 40 மில்லிமீட்டருக்குப் போனால், அகலம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் கால் இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பாகிறது. கையால் தடவிப் பார்த்தால் தெரியாத வேறுபாடு காற்றில் தெரியும். வாரச்சந்தைக்காரருக்கு 40 மில்லிமீட்டர் அறுகோணக் கால் போதும். கடற்கரைத் திடலில் நிற்பவர் 45 அல்லது 50 பார்க்கலாம். அலுமினியத்தில் தகட்டுத் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குறுக்குக் கம்பிகளைக் கேட்க மறந்துவிடாதீர்கள்: காலை மட்டும் தடிமனாகக் காட்டி, உள்ளே மெல்லிய கம்பிகளை வைத்து விற்பதும் நடக்கிறது.

துணியில் 600 டெனியர் என்று எழுதியிருந்தால் உறுதியான துணியா?

டெனியர் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு மட்டுமே: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே அதன் டெனியர். நூல் எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கிறது என்பதையும் மேலே எத்தகைய பூச்சு இருக்கிறது என்பதையும் அந்த எண் சொல்லாது. புடவைத் துணியோடு வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கனத்த நூலில் தளர்வாக நெய்த துணியைவிட, மெல்லிய நூலில் இறுக்கமாக நெய்த துணி நெடுநாள் உழைக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளி தெரிந்தால் நெசவு தளர்ந்தது, அல்லது பூச்சு மெலிந்தது.

இருந்தாலும் தொடக்க அளவாக, பாலியுரேத்தேன் பூசிய 600 டெனியர் பாலியெஸ்டர் நல்ல தேர்வு. நைலான் ஈரத்தில் நீண்டு தொய்யும், வெயிலிலும் பாலியெஸ்டரைவிட விரைவில் நலியும். தார்ப்பாய்போல் சரசரக்கும் பாலிஎத்திலீன் கூரை ஓரிரு கோடைகளில் பொடிந்து உதிரும். பிவிசி பூசிய கனத்த துணி மழைக்கு மிகச் சிறந்தது, ஆனால் தூக்குகிறவரின் முதுகு அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அடிக்கடி மடித்தால் மடிப்பில் வெடிக்கும். டர்பனில் கோடையில் புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாட்கள் வழக்கமானவை என்பதால், புறஊதாத் தடுப்பு நூலிலும் பூச்சிலும் சேர்க்கப்பட்டதா என்று கேட்பது வீண் கேள்வியன்று.

மூலைகளைப் பாருங்கள். துணி கிழிவது நடுவில் இல்லை. சட்டகத்தின் முனையில் உரசும் நான்கு மூலைகளிலும் உச்சியிலும்தான். அந்த ஐந்து இடங்களில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும்.

“நீர்புகாத் துணி” என்று சொல்லி விற்றார்கள். முதல் மழையிலேயே ஒழுகியது. ஏன்?

துணி ஒழுகியிருக்காது, தையல் ஒழுகியிருக்கும். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு வழி. தையலின் மேல் வெப்பத்தால் ஒட்டிய நாடா இருந்தால் நீர் புகாது. இல்லையென்றால் தையல் அடைப்புப் பசையை நீங்களே உள்புறமாகத் தடவி ஒரு நாள் உலரவிடலாம். டர்பனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதிலும் பெரும்பகுதி கோடையில், அதாவது சந்தைகள் நிறைந்திருக்கும் மாதங்களில். ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒழுகலைவிடக் கெட்டது நீர் தேங்குவது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. மூன்றுக்கு மூன்று மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை வடியாமல் நின்றால் தொண்ணூறு கிலோ. துணி தளர்ந்திருந்தால் ஓரங்களில் முதலில் ஒரு சிறு குழி விழும். குழியில் சேர்ந்த நீர் துணியை இன்னும் இழுத்துக் குழியைப் பெரிதாக்கும். இப்படி வளர்ந்து கடைசியில் குறுக்குக் கம்பி நீரின் பாரத்தில் முறியும். எனவே உச்சி உயரமாகவும் சரிவு செங்குத்தாகவும் துணி மத்தளத் தோல்போல் இழுபட்டும் இருக்க வேண்டும். மழை நேரத்தில் ஒரு துடைப்பத்தின் மறுமுனையில் துணி சுற்றி வைத்துக்கொண்டு, உள்ளிருந்து அடிக்கடி தூக்கி நீரைத் தள்ளிவிடுங்கள். தள்ளுவதற்கு முன் அந்தப் பக்கம் பக்கத்துக் கடைக்காரர் நிற்கிறாரா என்று பாருங்கள். நட்பு முறிந்த கதைகள் உண்டு.

எந்த நிறம் நல்லது?

வெள்ளை, அல்லது வெளிர் சாம்பல். சிவப்புக் கூரையின் கீழ் எல்லாச் சரக்கும் சிவந்துவிடும், நீலத்தின் கீழ் மஞ்சளும் பச்சையாகத் தோன்றும். முதல் ஆண்டு எனக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் வாங்கினேன். மயில்நீலப் பையை ஊதா என்று நினைத்து வாங்கிப் போன ஓர் அம்மா மறுவாரம் திருப்பிக்கொண்டு வந்தார். அவர் செய்ததில் தவறில்லை. துணி, ஓவியம், மணிவேலை விற்பவர் நிறத்தில் விளையாட வேண்டாம். வெண்கல விளக்கும் ஊறுகாயும் விற்பவர் விரும்பியதை வாங்கலாம்.

என்ன அளவு?

மூன்றுக்கு மூன்று மீட்டர். பெரும்பாலான சந்தைகள் இடத்தை அந்த அளவில்தான் பிரித்துக் கொடுக்கின்றன. மடக்கினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும், பக்கியில் சுலபமாகவும் சிறு காரில் பின்னிருக்கையைச் சாய்த்தும் ஏறும்.

எடைக்கட்டை எவ்வளவு வேண்டும்? கூடாரமே இருபத்தைந்து கிலோ இருக்கிறதே?

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒன்பது சதுர மீட்டர் பரப்பில் முழுமையாகப் பட்டால் ஏறக்குறைய 56 கிலோ எடையளவு விசையைத் தரும். அதே காற்று 50 கிலோமீட்டராக ஏறினால் விசை 108 கிலோவை எட்டும். 72 ஆனால் நான்கு மடங்கு, 220 கிலோவுக்கும் மேல். கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும் காற்று எப்போதும் முழுப் பரப்பிலும் நேராகப் படுவதில்லை என்பது உண்மைதான், ஆனால் கணக்கின் போக்கு அதுவே. இருபத்தைந்து கிலோ கூடாரத்தை எதையும் கட்டாமல் நிறுத்துவது, பட்டத்தை நூல் கட்டாமல் பறக்க விடுவதற்கு ஒப்பு.

நம் பாட்டன்மார் மூங்கில் நட்டு ஓலை வேய்ந்து போட்ட பந்தலுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ஓலை இடுக்குகள் காற்றை வடியவிடும், மூங்கில் கால் மண்ணுக்குள் நின்றது. பாலியெஸ்டர் காற்றை விடாது, கஸீபோவின் கால் மண்ணின் மேல் நிற்கிறது. ஆகவே பந்தலில் மண் செய்த வேலையை எடைக்கட்டை செய்ய வேண்டும்.

ஒரு காலுக்கு 20 கிலோ என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு காலுக்கு 80, கூடாரத்தோடு சேர்த்து நூறைத் தாண்டும். மேலே உள்ள கணக்கைப் பார்த்தால், 50 கிலோமீட்டர் காற்றை அது தட்டுத்தடுமாறித் தாங்கும். அதற்கு மேல் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கட்டையை நீங்களே செய்யலாம். கட்டடக் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி வடிகுழாயை ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையை மூடி, கான்கிரீட் நிரப்பி, மேலே ஒரு கொக்கிப் போல்ட்டை ஈரக் கலவையில் நிறுத்தினால் ஏறக்குறைய 20 கிலோ கிடைக்கும். உருண்டை ஓரம், வாடிக்கையாளர் கால் தடுக்காது, வெள்ளைச் சாயம் பூசினால் கூடாரத்தின் பகுதிபோலவே தோன்றும். கொக்கியைச் சட்டகத்தின் மேல்மூலையிலிருந்து பட்டையால் தொங்கவிட்டு, அடியையும் காலோடு கட்டுங்கள். அடியைக் கட்டாமல் விட்டால் காற்றில் கட்டை ஊசலாடி, தாங்க வேண்டியதே உடைக்கிற சம்மட்டியாகிவிடும். எடையைக் காலின் அடித்தட்டில் மட்டும் வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கூரை மேலே போக முயலும்போது நழுவும் மூட்டு முதலில் பிய்வதற்கு அது வழி செய்கிறது.

கான்கிரீட்டைத் தூக்க இயலாதவர் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களைச் சந்தையில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. குழாய் எங்கே இருக்கிறது என்பதை முன்னாலேயே விசாரியுங்கள். செங்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் மேசைக்காலில் கூடாரத்தைக் கட்டுவதும் மட்டும் வேண்டாம்: மேசையும் சரக்கும் கூடவே கிளம்பும்.

முளை அடித்தால் எடைக்கட்டை தேவையில்லையா?

புல்தரையில் நல்ல முளை எடைக்கட்டையை விஞ்சும், ஆனால் மழை பெய்து ஊறிய மண்ணில் அது வெண்ணெயில் குத்திய கத்திபோல் உருவிக்கொண்டு வரும். சில பூங்காக்களில் நீர்க்குழாய் பழுதாகும் என்று முளையடிக்க விடுவதில்லை, கார் நிறுத்துமிடத் தார்த்தளத்தில் அடிக்கவே முடியாது. அனுமதி உள்ள இடத்தில் இரண்டையும் செய்யுங்கள். முளையைச் செங்குத்தாக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு வெளிப்புறம் சாய்ந்திருக்கும்படி ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகையில் அடித்து, இழுகயிற்றில் ஒரு வண்ணத்துணியைக் கட்டிவிடுங்கள். குழந்தைகள் தடுக்கி விழுவது கடையின் பெயரைக் கெடுக்கும்.

பக்கத் திரைகளை மாட்டலாமா?

வெயிலுக்கும் சாரலுக்கும் மாட்டலாம், காற்றுக்கு எதிராக மாட்டக்கூடாது. மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒரு திரையில் 36 கிலோமீட்டர் காற்று முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளும். கூரையைத் தூக்குவது போதாதென்று இப்போது பாய்மரமும் விரித்தாயிற்று. மூன்று பக்கமும் திரை மாட்டி முன்புறத்தை மட்டும் திறந்து வைப்பது எல்லாவற்றிலும் கெட்ட அமைப்பு, ஏனெனில் உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழி கூரைதான். காற்று ஏறும்போது முதலில் கழற்ற வேண்டியது திரை. அதனால் ஜிப்பைவிட, ஒரே இழுப்பில் பிரியும் வெல்க்ரோ பட்டையே எனக்குப் பிடித்திருக்கிறது.

உச்சியில் காற்றுப்போக்கி வைத்த கூரைகள் வருகின்றன. வெப்பத்தை வெளியேற்றுவதில் அவை நல்லவை, தூக்குவிசையையும் சிறிது குறைக்கும். அதை நம்பி எடைக்கட்டையைக் குறைக்க வேண்டாம்.

எப்போது கூடாரத்தை இறக்க வேண்டும்?

இதுவே எல்லோரும் தாமதமாகக் கேட்கிற கேள்வி. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்தில் நெல்லுக்குச் சொன்னது. கஸீபோவுக்குக் காற்று இல்லாதபோதே இறக்கிக்கொள் என்றுதான் சொல்ல வேண்டும்.

டர்பனில் இரண்டு காற்றுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வடகிழக்குக் காற்று கடலிலிருந்து பிற்பகலில் படிப்படியாக ஏறும். அது சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளி, அதற்கேற்ப ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். தென்மேற்குக் காற்று அப்படியன்று. குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, கரையோரமாக ஏறி வருவதற்கு முன் உள்நாட்டு மலைகளிலிருந்து சூடான, வறண்ட பெர்க் காற்று இறங்கும். வியர்க்கும், கடல் பளபளவென்று அமைதியாக இருக்கும், எல்லோரும் நல்ல நாள் என்று மகிழ்வார்கள். அதன்பின் சில நிமிடங்களுக்குள் காற்று திசை மாறித் தென்மேற்கிலிருந்து அறைந்து வீசும், வெப்பமும் சட்டென்று விழும். என் இரண்டாவது கூடாரம் போனது அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பக்கத்து வரிசையில் ஒருவர் எழுந்து, தெற்கே அடிவானத்தில் கருத்த கோடு தெரிகிறது என்று சொல்லிவிட்டுத் தன் கூடாரத்தை மடக்கத் தொடங்கினார்; நான் இன்னும் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவருடைய கூடாரம் இன்றும் இருக்கிறது.

வானிலைத் துறை இடர் எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டு வெளியிடுகிறது. முந்தைய மாலையே அதைப் பாருங்கள். செம்மஞ்சள் காற்று எச்சரிக்கை என்றால் போகவே வேண்டாம், இடவாடகை போனால் போகட்டும். அளவு கருவி இல்லாதவருக்கு மரமே கருவி: பெரிய கிளைகள் அசையத் தொடங்கி, குடை பிடிப்பது கடினமானால் காற்று நாற்பதைத் தொட்டுவிட்டது, அதற்கு முன்பே கூரையைப் பாதியளவு தாழ்த்தியிருக்க வேண்டும். இடி கேட்டால் கூடாரத்துக்குள் நிற்காதீர்கள். உலோகக் கால் நான்கும் துணிக்கூரையும் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை. காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.

ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் சந்தைகளுக்கும் இதே கூடாரம் ஆகுமா?

ஆகும், ஆனால் பகை வேறு. ஜோகன்னஸ்பர்க் பீடபூமியில் கோடைப் பிற்பகல்களில் இடியும் ஆலங்கட்டியும் வரும். துணி தளர்ந்திருந்தால் ஆலங்கட்டி குழிகளில் சேர்ந்து கூரையை அமுக்கும், அதனால் அங்கே சரிவான உச்சியே முதல் தேவை. கேப்டவுனில் கோடைக்காலம் முழுவதும் கேப் டாக்டர் என்று பெயர் பெற்ற தென்கிழக்குக் காற்று பல நாள் விடாமல் அடிக்கும். மழை குளிர்காலத்தில் வரும். அங்கே கடை போடுகிற உறவினர் ஒருவர் காலுக்கு முப்பது கிலோ கட்டுகிறார், அதையும் போதாது என்கிறார்.

பக்கத்துக் கடைக்காரரின் கூடாரத்தோடு சேர்த்துக் கட்டலாமா?

அவருடையது உங்களுடையதைவிட உறுதியானது என்றால் கட்டுங்கள். இல்லையென்றால் அவர் கூடாரம் பறக்கும்போது உங்களுடையதும் துணைக்குப் போகும்.

ஒரே ஆளாக விரிக்க முடியுமா?

முடியும், ஆனால் சட்டகத்துக்கு அது கேடு. ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் குறுக்குக் கம்பிகள் கோணலாகத் திருகிக்கொள்ளும். இருவர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து, சற்றே தரையிலிருந்து தூக்கி, ஒரே சீராகப் பின்னே நடப்பதுதான் சரி. தனியாக வந்தால் பக்கத்துக் கடைக்காரரை இரண்டு நிமிடம் கூப்பிடுங்கள். அவருக்கும் உங்கள் கை வேண்டியிருக்கும். சிக்கிக்கொண்டால் வலுவாகத் தள்ளாமல், எங்கே துணி மாட்டியிருக்கிறது என்று தேடுங்கள்.

கூடாரத்துக்குள் வடை சுடலாமா?

கைவினைக் கடைக்கு வாங்கிய கூடாரத்தில் வேண்டாம். பாலியெஸ்டர் ஏறக்குறைய 250 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். தீத்தடுப்புப் பூச்சு உள்ள துணியும் எளிதில் சுடர்விட்டு எரியாது என்பதே உறுதி, உருகாது என்பதன்று. எண்ணெய்ப் புகை துணியில் படிந்தால் பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது, உங்கள் பட்டுப் பையிலும் அந்த வாசனை ஏறும். உணவுக்கடைக்குத் தனிக் கூடாரம், தீயணைப்பான், அடுப்புக்கும் துணிக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும்.

பூசணம் பிடிக்காமல் எப்படி வைப்பது?

ஈரத்தோடு மடிக்காதீர்கள். மழையில் மடிக்க நேர்ந்தால் அன்றிரவே கார்க் கொட்டகையில் பாதி விரித்து உலர்த்துங்கள். டர்பனின் புழுக்கத்தில் இரண்டு நாள் விட்டால் கறுப்புப் புள்ளிகள் தொடங்கிவிடும். கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். வெளுப்பான் பூச்சைத் தின்றுவிடும். சலவை இயந்திரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடற்கரைச் சந்தைக்குப் பின் சட்டகத்தை நன்னீரால் அலசி, உலர்ந்ததும் மூட்டுகளில் சிலிக்கோன் தெளியுங்கள். சமையல் எண்ணெயோ இயந்திர எண்ணெயோ போட்டால் மணல் ஒட்டிக்கொண்டு அரத்தைப்போல் தேய்க்கும்.

மூன்று மாதத்தில் உடைந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். என்ன செய்யலாம்?

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் ஒன்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எது என்பதைத் தேர்வது நீங்கள். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று சுவரில் எழுதி வைத்திருப்பது அந்த உரிமையை அழிக்காது. ஆனால் தையல் பிரிந்தது, மூட்டு வார்ப்பில் வெடித்தது என்பது வேறு, கட்டாமல் விட்டுக் காற்றில் போனது என்பது வேறு. பின்னதை எந்தக் கடையும் ஏற்காது, தயாரிப்பாளர் தரும் உத்தரவாதங்களும் பெரும்பாலும் காற்றுச் சேதத்தை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். விற்பனைச் சீட்டை வைத்திருங்கள், உடைந்த இடத்தை அன்றே படமெடுங்கள். என் முதல் கூடாரத்தை விற்ற கடைக்காரர் வாங்கும்போது வாய்மொழியாக ஐந்தாண்டு என்றார். சீட்டைப் புரட்டிப் பார்த்தபோது அதில் சட்டகம் மட்டும், துணி இல்லை, மூட்டும் இல்லை.

பழைய கூடாரம் வாங்கலாமா?

தொழிலை விடுகிறவரிடமிருந்து நல்ல அலுமினியச் சட்டகம் வாங்குவது, புதிய மலிவுக் கூடாரம் வாங்குவதைவிடச் சிறந்தது. ஆனால் பையில் கட்டிய நிலையில் வாங்கக் கூடாது. முழுவதும் விரித்து, ஒரு காலின் அடியில் கண்ணை வைத்து மேலே நோக்குங்கள், வளைவு தெரியும். கம்பிகளில் போல்ட் நுழையும் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். துணி மோசமாக இருந்தால் கவலையில்லை, அந்த அளவுக்குப் புதுத் துணி இன்னும் விற்கிறார்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தனியாரிடம் வாங்கியதற்கு மேலே சொன்ன ஆறு மாத உரிமை கிடையாது.

ஒரு குறுக்குக் கம்பி முறிந்துவிட்டது. சந்தை நடுவில் என்ன செய்வது?

முறிந்த கம்பியை நேராக்க முயலாதீர்கள். ஒருமுறை மடிந்த அலுமினியம் அதே இடத்தில் மீண்டும் மடியும். முறிவின் இருபுறமும் ஒரு துடைப்பக் கட்டையையோ மரச்சட்டத்தையோ பொருத்தி, கேபிள் டையால் நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டினால் அன்றைய மாலை வரை ஓடும். அந்தப் பக்கத் திரையைக் கழற்றிவிட்டு, கூரையையும் ஒரு படி தாழ்த்துங்கள். என் பெட்டியில் எப்போதும் இருபது கேபிள் டை, ஓர் அடி நீள அலுமினியக் கோணம், இரண்டு உதிரிப் போல்ட், ஒரு சுருள் ஒட்டுநாடா இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முறிந்த கம்பியின் நீளத்தையும் துளைகளுக்கிடையே உள்ள தூரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, விற்ற கடைக்கு எழுதுங்கள். உதிரிக் கம்பி தருகிறவரா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டிருந்தால், அடுத்த சனிக்கிழமைக்குள் அது வந்துசேரும்.